மெடலின் மலையில் நான் கண்ட தாய்மார்கள்

கொலம்பியா என்றால் நம் பெண்களுக்குக் காப்பிக்கொட்டை ஞாபகம் வரும். மெடலின் என்றால்? வீட்டில் சீரியல், சினிமா பார்க்கிற பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "அது போதைமருந்து கடத்தின எஸ்கோபார் ஊராச்சேம்மா! அங்கேயா போறே?" என்பார்கள். என் பெரியவன் அப்படித்தான் கேட்டான். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மோட்டார் சைக்கிள் கம்பெனி அவரை அந்த ஊருக்கு அனுப்ப, 2025-ல் நானும் கூடப் போய் ஆறு வாரம் தங்கினேன். பயம் இல்லாமல் போனேன் என்று சொன்னால் அது பொய்.

தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது கொலம்பியா. அதன் இரண்டாவது பெரிய ஊர் மெடலின். உயரம் 1,500 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஏற்காடு. ஆனால் ஏற்காட்டுக் குளிர் இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் பூராவும் ஒரே மாதிரி இதமான வெயில். மின்விசிறியும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம். ஊருக்கே 'என்றும் வசந்தமான நகரம்' என்றுதான் பெயர். சாப்பாட்டுக்கும் நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. அரிசி, பயறு, வாழைக்காய் எல்லாம் அங்கே தினப்படி சமையல். நம் வெல்லம் மாதிரியே 'பனேலா' என்று அச்சு அச்சாக விற்கிறார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிறார்கள். பானகமேதான்! சுக்கும் ஏலக்காயும்தான் பாக்கி.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிட்டால்தான் மேலே சொல்லப் போவது புரியும். ஒரு பெரிய இரும்புச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் அடியில் ஆறு, ஆலைகள், ஆபீஸ்கள், வசதியானவர்களின் பங்களாக்கள். சட்டியின் விளிம்பு வரைக்கும் சரிவு முழுக்கச் செங்கல் வீடுகள், நவராத்திரிக் கொலுவில் பொம்மை அடுக்கின மாதிரி ஒன்றின் தலைமேல் ஒன்று. ராத்திரி கீழேயிருந்து பார்த்தால் கார்த்திகை தீபம்தான். அவ்வளவு அழகு. அந்த அழகான சரிவில் 1991-ஐ ஒட்டிய வருஷங்களில், பெற்ற பிள்ளை சாயங்காலம் திரும்பி வருவானா என்று தாய்மார்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

அந்த 1991-ல் மட்டும் மெடலினில் ஆறாயிரம் பேருக்கு மேல் கொலை செய்யப்பட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு சுமார் 380 என்று கணக்கு. நம் நாட்டில் இது லட்சத்துக்கு இரண்டு, மூன்று. உலகத்திலேயே ஆபத்தான நகரம் என்று பெயர் வாங்கியது அப்போதுதான். செத்தவர்களில் பெரும்பாலோர் இளவட்டப் பையன்கள்.

இதெல்லாம் எஸ்கோபார் ஒருத்தனால் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் ஃபிளாட்டைச் சுத்தம் செய்ய வாரம் இரண்டு நாள் ஒரு அம்மாள் வருவார். அறுபத்தேழு வயது. நான் அவரை 'செஞ்ஞோரா' என்பேன். அவர் என்னை 'மிஹா' என்பார். 'என் மகளே' என்று அர்த்தமாம். கேட்டதும் எனக்கு மனசு கரைந்துவிட்டது. அவருடைய பேத்தி இங்கிலீஷ் படித்தவள். அவள் துணைக்கு வரும் நாட்களில் நாங்கள் மூவரும் சமையலறையில் உட்கார்ந்து பேசியதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

"எஸ்கோபார் பிறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது மிஹா," என்றார் அவர்.

சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 1948-ல் கொலம்பியாவின் பெரிய அரசியல் தலைவர் கைத்தான் தலைநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிலிருந்து பத்து வருஷம் இரண்டு கட்சிக்காரர்களும் கிராமம் கிராமமாக வெட்டிக்கொண்டார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் நிலத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு நகரத்துக்கு ஓடி வந்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. மெடலின் அப்போது நம் கோயம்புத்தூர் மாதிரி பஞ்சாலை ஊர். வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள். 1951-ல் மூன்றரை லட்சம் ஜனம் இருந்த ஊர், 1973-ல் பதினோரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை பேருக்குச் சட்டியின் அடியில் ஏது இடம்? மலைமேல் ஏறினார்கள்.

செஞ்ஞோராவின் அப்பா 1965 வாக்கில் குழந்தைகளோடு ஏறியவர். சாந்தோ தொமிங்கோ என்று அந்தப் பேட்டைக்குப் பெயர். பலகையும் தகரமும் வைத்து ஒரே ராத்திரியில் வீடு கட்டுவார்களாம். விடிந்ததும் போலீஸ் வந்து பிரித்துப் போடும். மறுபடி கட்டுவார்கள். ரோடு கிடையாது, குழாய் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. எட்டு வயதில் தண்ணீர்க் குடத்தோடு படி ஏறிய கதையை அவர் சொன்னபோது, கூடவே தன் முழங்காலையும் தட்டிக் காட்டினார். அந்த வலி இன்னும் இருக்கிறது.

அப்புறம் பஞ்சாலைகள் நொடித்தன. மேலே பிறந்து வளர்ந்த பையன்களுக்குக் கீழே வேலை இல்லை. இருந்த வேலைக்கும், விண்ணப்பத்தில் விலாசத்தைப் பார்த்ததும் "அந்தப் பேட்டையா?" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்களாம். ஆகவே கீழே இருக்கும் உறவுக்காரர் விலாசத்தைப் போடுவது அங்கே வழக்கம்.

இந்த நேரத்தில்தான் போதைமருந்துப் பணம் வந்தது. மலைப் பேட்டைகளில் முதல் முதலாக விளக்குப் போட்ட ஃபுட்பால் மைதானங்களை அமைத்துக் கொடுத்தவர்களில் எஸ்கோபாரும் ஒருவன். கார்ப்பரேஷன் விளக்குப் போடாத இடத்தில் அவன் போட்டான். பையன்கள் யார் பின்னால் போவார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கையில் துப்பாக்கி, ஓட்ட ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு தலைக்கு இவ்வளவு என்று பணம். 1984-ல் அந்நாட்டு நீதி மந்திரியையே இப்படி மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்தான் சுட்டார்கள். 1990-ல் போலீஸ்காரர்களின் தலைக்கே விலை வைத்தான்.

இங்கே ஒரு விஷயம். மெடலின் தெருவில் எங்கே பார்த்தாலும் நம் ஊர் பல்சரும் அப்பாச்சியும்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றாலே ஒரு பழைய பயம் உண்டு. வண்டி நம்பரை மேல்சட்டையிலும் ஹெல்மெட்டிலும் எழுதிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும் என்று பல வருஷம் விதி இருந்தது. பின் சீட்டில் ஆண் பிள்ளை உட்காரக் கூடாது என்றுகூட அவ்வப்போது சில இடங்களில் தடை போட்டிருக்கிறார்கள். பெண் உட்காரலாம்! பின்னால் உட்கார்ந்து வருகிறவன்தான் சுடுவான் என்ற கணக்கு.

செஞ்ஞோராவின் மூத்த மகன் 1992-ல் போனான். வயது பதினேழு. எந்தக் கூட்டத்திலும் சேராத பையன். அவர்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிற வழி, இன்னொரு கூட்டத்தின் மூலையைத் தாண்டிப் போகிறது. கோடு எதுவும் போட்டிருக்காது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். 'கண்ணுக்குத் தெரியாத எல்லை' என்றே அதற்கு அந்த ஊரில் பெயர். அந்தப் பக்கத்துப் பையன் இந்தப் பக்கம் கால் வைத்தால், அவன் யார் எவன் என்று கேட்கவே மாட்டார்கள். படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் ராத்திரி பாட்டிக்கு மருந்து வாங்கப் போனான்.

"மருந்துக் கடை மூலைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு," என்றாள் பேத்தி. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரத்தைத் துலக்க ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "சண்டை எங்க காலத்துலயும் இருந்துச்சு மிஹா. குடிச்சிட்டுக் கத்தி எடுப்பாங்க. குத்துப்பட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், பொழைப்பான். துப்பாக்கி வந்ததும் எல்லாம் நேரா கல்லறைக்குத்தான்."

படிக்காத அந்த அம்மாள் சொன்னதையே ஒரு டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். இதே கொலம்பியாவில் காலி என்று இன்னொரு பெரிய ஊர். 1992-ல் அங்கே மேயராக வந்தவர் ரொட்ரிகோ கெரேரோ. தொற்றுநோய்கள் எப்படிப் பரவுகின்றன என்று படித்த டாக்டர். காலரா வந்தால் எந்தக் கிணறு என்று தேடுவோம் இல்லையா? அதே மாதிரி, கொலை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், எதனால் நடக்கிறது என்று வாரா வாரம் போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட்டுக்காரர்களைக் கூட்டி வைத்து எண்ணச் சொன்னார். போதைமருந்துக் கும்பல்தான் எல்லாம் என்று ஊரே நினைத்திருக்க, வார இறுதியிலும் சம்பள நாளிலும் குடித்த கையில் துப்பாக்கி இருப்பது எவ்வளவு பெரிய காரணம் என்பது தெரிய வந்தது. அந்த நாட்களில் மட்டும் துப்பாக்கி எடுத்து வரத் தடை போட்டார். தடை இருந்த நாட்களில் கொலைகள் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைந்தன. தலைநகரான பொகோட்டாவிலும் அதே தடையால் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது.

மெடலினில் எஸ்கோபார் 1993 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டான். அத்தோடு கதை முடியவில்லை. கூட்டங்கள் கை மாறின, அவ்வளவுதான். 1995-ல் ஒரு பூங்காவில் இசை விழா நடந்தபோது, ஊர்ச் சிற்பி பொத்தேரோ செய்த பெரிய வெண்கலப் பறவைக்குள் யாரோ குண்டு வைத்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பொத்தேரோ பிற்பாடு புதுப் பறவை ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் பழையதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வயிறு கிழிந்த பறவையும் முழுப் பறவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குழந்தைகள் கிழிசலுக்குள் கையை விட்டு விளையாடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்ஞோரா எங்களை வீட்டுக்கு அழைத்தார். என்னோடு கம்பெனிக்காரர் இன்னொருவரின் மனைவியும் வந்தாள். நாமக்கல் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். ஆற்றங்கரையோரம் ஓடும் மெட்ரோ ரயிலில் போய் இறங்கி, அங்கேயே கேபிள் காருக்கு மாறினோம். பழனி விஞ்ச்சைத் தவிர இந்த மாதிரி ஏறி நமக்குப் பழக்கமில்லை. பெட்டி ஆடி ஆடி வீட்டுக் கூரைகளுக்கு மேலே போகிறது. மொட்டை மாடிகளில் துணி காய்கிறது, கோழி மேய்கிறது, ஒரு பாட்டி பயறு உரிக்கிறாள். "அக்கா, எல்லார் வீட்டுக்குள்ளயும் எட்டிப் பாத்துக்கிட்டே போறோமே!" என்றாள் நாமக்கல்காரி.

இந்தக் கேபிள் கார் 2004-ல் வந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டதல்ல. வேலைக்குப் போகிற ஏழை ஜனத்துக்காக, மெட்ரோவோடு சேர்த்துப் போட்டது. உலகத்துக்கே அது புதுசு. அதற்கு முன்னால் செஞ்ஞோரா விடிகாலை நாலு மணிக்கு இருட்டில் படி இறங்கி, இரண்டு பஸ் மாறி, வேலைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். பெண் பிள்ளைகளைச் சாயங்காலப் படிப்புக்கு அனுப்பவே முடியாது. இப்போது மெட்ரோவும் இதுவுமாக ஒரு மணிக்குள் வந்துவிடுகிறார். ஸ்டேஷனைச் சுற்றி விளக்கு வந்தது, கடை வந்தது, நடைபாதை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. ஜன நடமாட்டம் வந்தது. கேபிள் கார் போன பேட்டைகளையும், அதே மாதிரி ஏழ்மையுள்ள, ஆனால் கேபிள் கார் போகாத பேட்டைகளையும் ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. 2003-க்கும் 2008-க்கும் நடுவில் இரண்டு இடத்திலும் கொலை குறைந்தது. ஆனால் கேபிள் கார் போன இடத்தில் 66 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது.

அந்தரத்தில் தொங்கும் பெட்டியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதே சமயம் பல கூட்டங்கள் ஒரே தாதாவின் பிடிக்குள் அடங்கியிருந்ததும் கொலை குறைந்ததற்கு ஒரு காரணம். 2008-ல் அவனை அமெரிக்காவுக்குப் பிடித்துக் கொடுத்ததும் மிச்சமிருந்தவர்கள் அடித்துக்கொண்டார்கள். 2009-ல் கொலைகள் மறுபடி இரண்டாயிரத்தைத் தாண்டின. மேலே பிரமாதமாகக் கட்டிய நூலகம் ஒன்று பழுதாகிப் பல வருஷம் மூடிக் கிடந்தது. "படம் எடுத்துப் பத்திரிகையிலே போட்டாங்க. எம் பேத்தி படிக்கிற வயசுல கதவு பூட்டிக் கெடந்துச்சு," என்று செஞ்ஞோரா அலுத்துக்கொண்டார்.

என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர்த் தொட்டி விஷயம். அந்த ஊரில் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது நகரத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனம். ராத்திரி விளக்கு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று படம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். திட்டுத் திட்டாக இருட்டு. என்னவென்று பார்த்தால், அத்தனையும் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி வளாகங்கள்! ஊர் வளர்ந்து தொட்டியைச் சூழ்ந்துகொண்டது. தொட்டியைச் சுற்றி வேலி, உள்ளே இருட்டு. தப்புக் காரியத்துக்குத் தோதான இடம். 2010-களில் வேலியை எடுத்துவிட்டு, அங்கேயே விளக்கு, பூங்கா, நீரூற்று, வகுப்பறை, தாய்மார் உட்காரத் திண்ணை என்று கட்டிவிட்டார்கள். நாங்கள் போன அன்று ஒன்றில் குழந்தைகள் நீரூற்றில் குளித்துக்கொண்டிருந்தன. அம்மாமார்கள் துண்டோடு காத்திருந்தார்கள். ராத்திரி எட்டு மணி!

அதே மாதிரி, கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 'நல்ல ஆரம்பம்' என்று பொருள்படும் பெயரில் நகராட்சியே ஒரு திட்டம் நடத்துகிறது. நம் அங்கன்வாடி போலச் சாப்பாடு, கவனிப்பு, பாடம். செஞ்ஞோராவின் பேத்தி அதில் வளர்ந்தவள்தான். இன்றைக்கு எங்களுக்கு மொழிபெயர்க்கிறாள்.

இப்போது வருஷத்துக்கு நானூறை ஒட்டி, சில வருஷம் அதற்கும் கீழே வந்துவிட்டது கொலைக் கணக்கு. சந்தோஷம்தான். ஆனால் கூட்டங்கள் எங்கேயும் போய்விடவில்லை. சிறிதும் பெரிதுமாகச் சுமார் 350 இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். வாரா வாரம் கடைக்காரரிடமும் பஸ்காரரிடமும் காசு வாங்குவார்கள். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'வக்கூனா'. தடுப்பூசி! போட்டுக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சில பேட்டைகளில் முட்டை, பால், கேஸ் சிலிண்டர் எல்லாம் அவர்கள் சொல்கிற ஆளிடம்தான் வாங்க வேண்டும். சோள மாவில் தட்டும் 'அரேப்பா' ரொட்டி, நமக்கு இட்லி மாதிரி அவர்களுக்கு அது. அதையும் விடவில்லை. "ருசி இல்லேன்னா கடை மாத்தலாம். இங்க அதுவும் முடியாது," என்றாள் பேத்தி. அவளுடைய பாட்டி சட்டென்று ஜன்னலைச் சாத்தினார்.

இன்னொரு நாள் ஊரின் மேற்குச் சரிவில் இருக்கும் பதிமூன்றாம் வட்டத்துக்குப் போனோம். இப்போது உலகம் முழுக்க இருந்து சுற்றுலாக்காரர்கள் வரும் இடம் அது. முன்னே சுமார் முந்நூற்றைம்பது படி ஏற வேண்டிய சரிவில் 2011-ல் ஆறு கட்டமாக நகரும் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். மொத்தம் 384 மீட்டர். சுவரெல்லாம் ஓவியம், மூலைக்கு மூலை பையன்களின் ஆட்டம். மாங்காயில் ஐஸ் செய்து உப்பும் எலுமிச்சையும் தடவித் தருகிறார்கள். நாமக்கல்காரி இரண்டு சாப்பிட்டாள். எஸ்கோபார் படம் போட்ட பனியன்களும் தொங்குகின்றன. வெளியூர்ப் பையன்கள் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அவன் குடும்பம் குடியிருந்த எட்டு மாடிக் கட்டடத்தை 2019-ல் நகராட்சி வெடி வைத்துத் தகர்த்து, செத்தவர்கள் நினைவாகப் பூங்கா ஆக்கிவிட்டது. இந்தப் பனியனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது. பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும்?

இதே படிகளில் 2002 மே மாதம், கொரில்லாக்களைப் பிடிக்கிறோம் என்று ராணுவமும் போலீசும் விடிகாலையிலிருந்து மணிக்கணக்கில் சுட்டன. குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் செத்தார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிப் போகக்கூட வழியில்லை. அப்போது ஒரு வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி தெரிந்தது. அடுத்த வீட்டிலும் தெரிந்தது. பெட்ஷீட், மேஜைத் துணி, கைக்குட்டை என்று கையில் கிடைத்த வெள்ளையை எடுத்துக்கொண்டு ஜனங்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்தவர்களில் பெண்கள் நிறைய. அன்றைக்குச் சுடுவது நின்றது.

ஆனால் அக்டோபரில் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட படை ஹெலிகாப்டரோடு மறுபடி வந்தது. அதன் பிறகு கொரில்லாக்கள் போய், துணைப்படைக்காரர்கள் பிடியில் வட்டம் சிக்கியது. ஒவ்வொருவராகப் பையன்கள் காணாமல் போனார்கள். மேலே மலையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டும் ஒரு மேடு இருக்கிறது. 'எஸ்கொம்பிரேரா' என்று பெயர். பிள்ளைகளை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள் என்று தாய்மார்கள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரிகள் வந்து மேலே மேலே மண்ணைக் கொட்டிக்கொண்டேயிருந்தன. 2015-ல் ஒரு தடவை தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிழவிகள் பிதற்றுகிறார்கள் என்று பேசியவர்களும் உண்டு.

2024 டிசம்பரில் எலும்புகள் கிடைத்தன.

அடுத்த மாதமே பையன்கள் சேர்ந்து ஒரு நீளச் சுவரில் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்கள்: 'கிழவிகள் சொன்னதுதான் சரி.' அவர்கள் போட்ட வார்த்தை 'குச்சா'. அம்மாவையும் கிழவியையும் செல்லமாகக் கூப்பிடுவது, நம் ஊரில் 'தாய்க்கிழவி' என்கிறோமே, அது மாதிரி. ஊர் அசிங்கமாகிறது என்று நகராட்சி சாம்பல் வர்ணம் பூசி அழித்தது. ஜனங்கள் திரண்டு வந்து மறுபடி எழுதினார்கள். வேறு ஊர்ச் சுவர்களிலும் எழுதினார்கள்.

செஞ்ஞோராவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் பேட்டை வேறு, அந்த மேடு இருப்பது எதிர்ப்பக்கத்து மலையில். "என் பையனுக்குக் கல்லறையாவது இருக்கு மிஹா. மாசா மாசம் போய்ப் பூ வைக்கிறேன்," என்றார். அப்புறம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் வழியாக மேற்கே அந்த மலையைக் காட்டினார். அவர் கையை நீட்டிய இடத்தில் மண் நிறத்தில் ஒரு பெரிய தழும்பு தெரிந்தது. நாங்கள் கிளம்பி வந்த வாரமும் அங்கே தோண்டிக்கொண்டிருந்தார்கள்.